வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவில்

புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு பேர் இறந்த வாரம் முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. உறவுக்காரர்கள், கூட வேலை பார்த்த ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "ரெண்டு உசுரு போயிருக்கு டீச்சர், 300 வார்த்தையில கட்டுரை எழுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாமே! நீங்க இருந்த போர்டுலயும் இப்படித்தானா?" பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 18 வயது நிரம்பாதவர்கள்மேல் வரும் வழக்குகளை விசாரிக்கும் எங்கள் மாவட்டத்து இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக ஒரு பதவிக்காலம் இருந்தேன். அதனால்தான் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஒருவரும் சமாதானமாகவில்லை. அவர்களுக்குச் சொன்ன பதிலில் எனக்கே ஏதோ குறைவதாகப் பட்டது. அது என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

நான் சொன்ன பதில் இதுதான். அந்தக் கட்டுரை தீர்ப்பு இல்லை, ஜாமீன் நிபந்தனை. 2024 மே 19 விடியற்காலையில் விபத்து நடந்தது, அன்றைக்கே அந்த 17 வயதுப் பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. கட்டுரையோடு சேர்த்து 15 நாள் போக்குவரத்துப் போலீசாருடன் வேலை செய்ய வேண்டும், குடிப்பழக்கத்துக்கு ஆலோசனை பெற வேண்டும் என்றெல்லாம் அந்த உத்தரவில் இருந்தது. நாடே கொதித்தது. மூன்றே நாளில் அவனை, விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி அனுப்பியது சட்டப்படி செல்லாது என்று சொல்லி அவனை அத்தையின் பொறுப்பில் விட்டது. இதற்கு நடுவில் ரத்த மாதிரியையே மாற்றி வைத்ததாக அரசு மருத்துவர்கள் கைதானார்கள். அந்தப் பையனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டதை 2025 ஜூலையில் அங்குள்ள குழுமம் ஏற்கவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் "ஜாமீன் வேறு, தீர்ப்பு வேறு" என்று நான் விளக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஒரு மௌனம் விழும். கடைசியில் ஒரு முன்னாள் மாணவன் கேட்டான்: "சரி டீச்சர், தீர்ப்புன்னு வந்தா என்னதான் செய்வீங்க? ஒண்ணு வீட்டுக்கு அனுப்புவீங்க, இல்லைன்னா ஜெயில் மாதிரி ஒரு ஹோம். வேற என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே, அவன் சொன்னதும் பாதி சரிதான் என்று தோன்றியது.

சட்டத்தில் இருப்பது

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 18ஆவது பிரிவை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். குற்றம் செய்தது உறுதியான சிறுவனுக்கோ சிறுமிக்கோ குழுமம் என்னென்ன உத்தரவு போடலாம் என்பது அதில் வரிசையாக இருக்கிறது. பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டு ஆலோசனையும் எச்சரிக்கையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம். யாராவது ஒருவர் மேற்பார்வையில் சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதம் போடலாம். பெற்றோரிடமோ தகுந்த வேறொருவரிடமோ நன்னடத்தைப் பிணையில் மூன்றாண்டு வரை விடலாம், அல்லது அதேபோல ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விடலாம். கடைசியாக, மூன்றாண்டுக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். இவை ஏழு. இவற்றோடு சேர்த்து பள்ளிக்குப் போ, தொழிற்பயிற்சிக்குப் போ, போதை மறுவாழ்வு மையத்துக்குப் போ, இன்ன இடத்துக்குப் போகாதே என்றும் சொல்லலாம். படிக்கும்போது யோசித்து எழுதிய சட்டம் என்றுதான் தோன்றும். இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 3ஆவது பிரிவு கொள்கையாகவே சொல்கிறது.

இதை வைத்துக்கொண்டு நாங்கள் உட்காரும் அறைக்கு வந்தால் கதை வேறு. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் இருப்போம். இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூண்டு கிடையாது, மேடை கிடையாது. போலீசார் சீருடையில் வரக்கூடாது. மேசைக்கு எதிரே பையன், பக்கத்தில் அம்மா. பெரும்பாலும் அம்மாதான் வருவார். எங்களிடம் வந்ததில் முக்கால்வாசி இருசக்கர வாகனத் திருட்டு, செல்போன் பறிப்பு, கஞ்சா, திருவிழாவில் கத்திக்குத்து, அரிவாளோடு எடுத்த ரீல்ஸ். எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஏழில் ஒவ்வொன்றாக மனதுக்குள் கழித்துக்கொண்டு வருவேன்.

அபராதம் முதலில் போய்விடும். சித்தாள் வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் அபராதம் கட்டச் சொன்னால் அவர் மகளிர் குழுவிலோ வட்டிக்கோ கடன் வாங்குவார். அந்தக் கடனை அடைக்கப் பையன் பள்ளியை விட்டு வேலைக்குப் போவான். நான் உறுப்பினராவதற்கு முன் அபராதம் போட்ட ஒரு வழக்கில் இப்படித்தான் நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பரோட்டா கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். குழு ஆலோசனை நல்ல விஷயம்தான். அதை நடத்த ஆள் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு குழு எங்கேயும் கூடவில்லை. நன்னடத்தைப் பிணையில் விடலாம் என்றால் அவனைப் போய்ப் பார்த்து வர நன்னடத்தை அலுவலர் வேண்டும். இருந்தவர் ஒருவர். பையன் முதல் தடவை ஆஜராகி 15 நாளுக்குள் அவனுடைய குடும்பம், படிப்பு, சேர்க்கை எல்லாம் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டியவரும் அவர்தான். மாவட்டம் முழுக்க பஸ்ஸில் போய் அந்த அறிக்கைகளை எழுதி முடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. பிணையில் விட்ட பையன்களை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதிவைப்போம். பார்த்தாரா என்று கேட்க எனக்கு மனம் வராது, அவர் செருப்பைப் பார்த்தாலே தெரியும் எவ்வளவு நடக்கிறார் என்று.

அப்படிக் கழித்துக் கழித்து கடைசியில் மிஞ்சுவது இரண்டு. புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, அல்லது இல்லத்துக்கு அனுப்புவது. என் மாணவன் சொன்ன அதே இரண்டு. சட்டம் ஏழு படி கட்டி வைத்திருக்கிறது. நடுவில் உள்ள ஐந்தில் கால் வைத்தால் பலகையே இல்லை.

இந்த நடுவிடம் காலியாக இருப்பதுதான் ஊருக்குக் கோபம் வரக் காரணம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் "ஒண்ணுமே செய்யல" என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அஞ்சு நிமிடம் புத்தி சொல்வதை நானே ஒரு பதில் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இல்லத்துக்கு அனுப்பினால் "ஏதோ செஞ்சாங்க" என்று திருப்தியாகிறார்கள். அந்தத் திருப்திதான் எனக்குப் பயம். 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடித்து ஓரிரு நாளுக்கு முன்தான் அங்கே அனுப்பியிருந்தார்கள். அவனை அடித்ததாகக் கண்காணிப்பாளர் உட்படப் பணியாளர்கள் கைதானார்கள். அவன்மேல் விசாரணைகூட முடியவில்லை, 18ஆவது பிரிவின்கீழ் எந்த உத்தரவும் வரவில்லை. அதற்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை இந்த இல்லங்களைப் பற்றி ஆராயச் சொன்னது. அவர் 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். இந்தியாவிலேயே சிறாருக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான், 1920இல். நூறு ஆண்டு கழித்து நாம் நிற்கும் இடம் இது.

பூக்காரம்மா கேட்டது

எனக்குள் இதையெல்லாம் புரட்டிப் போட்டது ஒரு வழக்கு. பையனை அடையாளம் காட்டக்கூடாது என்பது சட்டம், நியாயமும் அதுதான். அதனால் ஊர், இடம் போன்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ விற்கும் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல். இரவு கடையைக் கட்டிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து வந்த பைக்கில் உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். அவர் விடவில்லை. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. பைக் ஓட்டியவனுக்கு 22 வயது, அவன் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போனது. பின்னால் இருந்து பிடுங்கியவனுக்கு 16. பத்தாம் வகுப்போடு நின்று, பைக் மெக்கானிக் கடையில் எடுபிடியாக இருந்தவன். சிறு பையன் பிடிபட்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அந்தப் பெரியவன் இவனைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறான். இப்படிப் பெரியவர்கள் முன்னே விட்ட பையன்கள் எங்களிடம் நிறைய வந்தார்கள்.

வழிப்பறிக்குப் பத்தாண்டு வரை தண்டனை உண்டு, குறைந்தபட்சம் இவ்வளவு என்று கிடையாது. அதனால் அது, குறைந்தபட்சமே ஏழாண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றம் என்ற பிரிவில் வராது என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம். பெரியவர்களைப் போல விசாரிக்கும் பேச்சே இல்லை, முழுக்க எங்கள் கையில்தான் முடிவு. மாஜிஸ்திரேட் இல்லத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். இன்னொரு உறுப்பினர் அம்மாவின் பொறுப்பில் பிணையில் விடலாம் என்றார். எங்கள் மூவரில் இருவர் ஒன்று சொன்னால் அதுதான் முடிவு, மாஜிஸ்திரேட்டாக இருந்தாலும் ஒரு ஓட்டுதான். என் முடிவுக்காக இருவரும் காத்திருந்தார்கள். சாட்சி சொல்ல வந்த பூக்காரம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு என்னம்மா குடுப்பீங்க?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன். அதிகபட்சம் மூன்றாண்டு இல்லத்தில் இருக்கலாம் என்று சொன்னேன்.

"அவனுக்கு மூணு வருசம்னா எனக்கு என்ன? என் கைக்கு என்ன? நீங்கல்லாம் அவனப் பத்தியே பேசுறீங்க. எனக்கு அவன ஜெயில்ல போடணும்னெல்லாம் இல்ல. என் கையப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

இந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. நான் உள்ளே போய் 18ஆவது பிரிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குற்றத்தின் தன்மை, பையனுக்கு வேண்டிய கண்காணிப்பு, விசாரணை அறிக்கை, அவனுடைய பழைய நடத்தை இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அடிபட்டவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சிறுவர்களுக்காகப் பேசும் எங்களைப் போன்றவர்கள் பையனின் வறுமை, அவன் அப்பா ஓடிப்போனது, அவன் படிப்பு நின்றது எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். தூக்கில் போடு என்று கத்துபவர்கள் பூக்காரம்மாவின் பெயரால் கத்துகிறார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் அந்த அம்மாவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். சாட்சியத்துக்கும் தீர்மானத்துக்கும் பிறகு, உத்தரவுக்கு முன்னால், பையனுடைய அம்மாவும் நன்னடத்தை அலுவலரும் இருக்கும்போது, எல்லோரும் சம்மதித்தால் பேசட்டும் என்றார். பையனிடம் கேட்டோம். தலையை ஆட்டினான். பூக்காரம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இடது கையை மேசைமேல் வைத்தார். "இந்த ரெண்டு வெரலுக்கு நடுவுலதாண்டா பூவ வெப்போம். ரெண்டு ரெண்டா, எதிரும் புதிருமா. வலது கையால நார வாங்கி ஒரு சுத்து, ஒரு முடிச்சு." வெறுங்கையால் செய்து காட்டினார். வலது கை வேகமாகப் போனது. இடது விரல்கள் சேர மறுத்தன. "இப்ப பூ நிக்க மாட்டேங்குது. நழுவுது. கட்டின பூவ வாங்கித்தான் விக்கிறேன், அதுல எனக்கு என்ன நிக்கும்?"

பையன் அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விரல்களைப் பார்த்தான். அவனுடைய அம்மா அழ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான். "ஒரு நாளைக்கு எத்தன மொழம் கட்டுவீங்க?"

"அறுபது, எழுபது. முகூர்த்த நாள்ல நூறு தாண்டும்."

அவன் வேறெதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேள் என்று அவன் அம்மா தோளைத் தட்டினார். வேண்டாம் விடுங்கள் என்று பூக்காரம்மாவே சொல்லிவிட்டார். என் பணிக்காலத்தில் எத்தனையோ பையன்கள் எங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, வக்கீல் சொல்லிக் கொடுத்து விழுவார்கள். எத்தனை முழம் என்று இந்தப் பையன் கேட்டதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நியூசிலாந்தில் 1989இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே சிறுவன் செய்த குற்றத்துக்கு என்ன செய்வது என்பதை முதலில் பேசுவது ஒரு குடும்பக் கூட்டம். பையன், அவனுடைய சொந்தபந்தம், போலீஸ், அடிபட்டவர் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் போடுவார்கள், அதை நீதிமன்றம் பார்க்கும். மாவோரி மக்களின் குடும்ப வழக்கத்திலிருந்து எடுத்த முறை. நம் ஊர்களில் பஞ்சாயத்து என்ற பெயரில் பெரிய சாதிக்காரர் சொன்னதே தீர்ப்பாக இருந்த வரலாறு உண்டு. அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குழுமத்தின் கண்காணிப்பில், அடிபட்டவர் விரும்பினால் மட்டும், அவர் பேசுவதற்கு ஒரு நேரம் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடம் தேடி அலைந்தது

சமூக சேவை என்று முடிவு செய்தோம். கூடவே அம்மாவின் பொறுப்பில் நன்னடத்தைப் பிணை. மாஜிஸ்திரேட்டும் ஒத்துக்கொண்டார். சமூக சேவை என்றால் என்ன என்று விதிகளிலேயே எழுதியிருக்கிறது. 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் பூங்காவைச் சுத்தம் செய்யலாம், முதியவர்களுக்கு உதவலாம், மருத்துவமனையில் வேலை செய்யலாம், போக்குவரத்துத் தன்னார்வலராக நிற்கலாம். புனேயில் 15 நாள் போக்குவரத்துப் போலீசாரோடு நில் என்று சொன்னது திடீரென்று முளைத்தது இல்லை, இந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். உத்தரவை எழுதுவதற்கு முன்னால் இடம் வேண்டுமே. தேடக் கிளம்பினேன்.

நூலகத்தில் புத்தகம் காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தீயணைப்பு நிலையத்தில் மேலே கேட்க வேண்டும் என்றார்கள், மேலே கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு கோயில் அன்னதானக் கூடத்தில், "திருட்டுப் பயல உள்ள விட்டா பக்தருங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் நிர்வாகி. ஒரு முதியோர் இல்லத்தில் ஒத்துக்கொண்டார்கள், அவன் பெயரையும் வழக்கையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தன்னிடம் ஒப்படைத்த பொருளுக்குப் பயந்தார்கள். சமூக சேவை என்ற உத்தரவு 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே சிறாருக்கு உண்டு. இத்தனை ஆண்டுகளாக அதை எங்கே செய்வது என்று ஒரு பட்டியல்கூட எங்கள் மாவட்டத்தில் யாரும் போடவில்லை. இப்போது 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டத்தில் சில சின்னக் குற்றங்களுக்குப் பெரியவர்களுக்கும் சமூக சேவை வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதே அலைச்சல்தான் காத்திருக்கிறது.

கடைசியில் அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவின் செவிலியர் ஒருவர், "அனுப்புங்க, வீல்சேர் தள்ள எனக்கு ஆள் இல்ல" என்றார். நிபந்தனை ஒன்று போட்டார். அவன் எதற்காக வந்திருக்கிறான் என்று தனக்கு மட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்களிடம் தன் அக்கா மகன் என்று சொல்லிக்கொள்வேன். சனி, ஞாயிறு காலையில் எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒரு நாற்பது பக்க நோட்டில் வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அந்த நோட்டை மாதம் ஒருமுறை என்னிடம் கொண்டுவருவான். முதல் மாதம் இரண்டு நாள் வரவில்லை. செவிலியர் அவன் வீட்டுக்கே போன் போட்டு வரவழைத்தார். அதற்கப்புறம் விடவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் இடத்திலிருந்து மாவுக்கட்டு போடும் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவதுதான் அவன் வேலை. மாவுக்கட்டு போட்ட கையோடு வரும் பெண்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு போட்ட காலம் முடிந்தது, நோட்டு நிரம்பியது, நான் இருந்தவரைக்கும் அவன்மேல் மறுபடி வழக்கு வரவில்லை. பூக்காரம்மாவை நிவாரணத்துக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினோம். கொஞ்சம் பணம் கிடைத்தது, தாமதமாக. கை முழுதாகச் சரியாகவில்லை.

பதினாறிலிருந்து பதினெட்டு வரை

இந்தக் கதையைச் சொன்னால், "இது சின்னத் திருட்டு டீச்சர், கொலை பண்ணினவனையும் வீல்சேர் தள்ள விடுவீங்களா?" என்று கேட்பார்கள். விடமாட்டேன். 2012 டெல்லி நிர்பயா வழக்கில் சிக்கிய சிறுவனுக்குக் கிடைத்த மூன்றாண்டு யாருக்கும் போதுமானதாகத் தோன்றவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அவன் வெளியே வந்தது 2015 டிசம்பர் 20. அதற்கு இரண்டு நாள் கழித்து மாநிலங்களவை இப்போதுள்ள சட்டத்தை நிறைவேற்றியது. அது 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 16 வயது நிரம்பியவர், குறைந்தது ஏழாண்டு தண்டனை உள்ள குற்றத்தைச் செய்திருந்தால், அவருடைய மனநிலையையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் நாங்கள் முதலில் மதிப்பிட வேண்டும். பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்று தோன்றினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கேயும் 21 வயது வரைக்கும் ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள், 'பாதுகாப்பு இடம்' என்று சட்டம் சொல்லும் தனி இடத்தில்தான் இருக்க வேண்டும். 21இல் அவன் எப்படி இருக்கிறான் என்று நீதிமன்றம் மறுபடி பார்க்கும். தூக்குத் தண்டனை கிடையாது. இந்த ஏற்பாட்டை நான் முழுக்க எதிர்க்கவில்லை.

நடைமுறையில் அந்த மதிப்பீட்டுக்கு எங்கள் முன் யார் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரைக்கும் டெல்லி வழக்கு மாதிரி ஒன்றுகூட இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் காதலித்து ஓடிப்போன பையன்கள். பையனுக்கு 17, பெண்ணுக்குப் பதினாறரை. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். பெண்ணின் அப்பா புகார் கொடுத்ததும் போக்சோ, அதாவது சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். அதில் உடலுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு என்பதால் அது தானாகவே கொடுங்குற்றமாகிவிடும். பெண் எங்கள் முன்னால் நின்று "நான்தாங்க கூப்பிட்டேன்" என்று சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. கொடூரமான ஒருவனை மனதில் வைத்து எழுதிய பிரிவில், தாலி கட்ட மஞ்சள் கயிறு வாங்கிப் பையில் வைத்திருந்தவன் வந்து உட்காருகிறான். இவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று நாங்கள் மூன்று பேரும் அறிக்கை எழுதுகிறோம். ஒரு தடவையும் நாங்கள் அனுப்பவில்லை. இன்னொரு மாவட்டத்தில் அனுப்பியிருக்கலாம்.

உண்மையிலேயே கடினமான வழக்குகளுக்கு இந்த ஏழு உத்தரவில் எது பொருந்தும் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் சிறுவர்கள். அவர்களை இல்லத்தில் அடைத்தால் சாதி போய்விடுமா? பள்ளிக்குப் போ என்று உத்தரவு போட்டால் எந்தப் பள்ளிக்கு? வீட்டுக்கு அனுப்பினால், அந்த வீட்டில்தானே அதைக் கற்றுக்கொண்டான்? பெற்றோரையும் உட்கார வைத்து ஆலோசனை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு முழு ஆண்டு, அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் பேச யார் இருக்கிறார்கள்? அந்த மாணவனும் தங்கையும் என்ன கேட்டிருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். கையைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. அந்த முகங்களை மறுபடி பார்க்கவே கூடாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதையும் யாராவது கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

பதவிக்காலம் முடிந்த பிறகு நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பையன்களை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் இடங்களைப் பட்டியல் போடுகிறேன். அந்தச் செவிலியர் பக்கத்து வார்டிலும் பேசி வைத்திருக்கிறார். ஒரு கிளை நூலகம் இப்போது சரி என்றிருக்கிறது. நகராட்சி நர்சரியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்கிறார். பட்டியல் இன்னும் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. இதைப் படிக்கும் உங்களில் மருத்துவமனை, நூலகம், முதியோர் இல்லம், பூங்கா, ஏதாவது ஒன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் இருந்தால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் முகவரி சொல்வார்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். யார் கூட நின்று பார்த்துக்கொள்வார் என்று பெயரோடு எழுதுங்கள். பையன் எதற்காக வந்திருக்கிறான் என்பது அந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்ற உறுதியையும் கடிதத்தில் கொடுங்கள்.